மைக்குல கேட்டாக... வீட்டுல கேக்கல!

தாத்தாவோட கல்யாணப் பத்திரிகையைப் பார்த்ததும் எனக்குத் தலை சுத்திருச்சு. வருஷம் 2000-ன்னு போட்டிருந்தது!

செமஸ்டர் லீவுக்குக் கம்பம் வந்திருந்தேன். பிளேஸ்மென்ட்டுக்குப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஒரிஜினல் வேணும்னு காலேஜ்ல சொல்லிட்டாங்க. பரண்ல இருந்த ட்ரங்க் பெட்டியை இறக்கிக் குடைஞ்சதுல மார்க் ஷீட் வரலை. வந்தது அந்தப் பத்திரிகை. பழுப்பேறி, மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சு, கையில எடுத்தாலே உதிர்ந்துடும்போல இருந்தது.

“ஏன் அப்பத்தா, உனக்கு 2000-லயா கல்யாணம்? அப்போ எங்கப்பாவை எங்கேருந்து தூக்கிட்டு வந்தே?”

அப்பத்தா சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டே சிரிச்சுது. “அது வள்ளுவர் கணக்குய்யா. 31-ஐக் கழி. இஞ்சினீருக்குப் படிக்கிற, இது தெரியலையா?”

கழிச்சேன். 1969. திருவள்ளுவர் ஆண்டாம்!

மறுபடி பத்திரிகையைப் பார்த்தேன். மேலே பிள்ளையார் சுழி இல்லை. சுபமுகூர்த்தம் இல்லை, லக்னம் இல்லை. பொண்ணு, மாப்பிள்ளை, பெரியவங்க... யார் பேருக்குப் பின்னாடியும் சாதி இல்லை. ‘வாழ்க்கை ஒப்பந்த விழா’ என்று தலைப்பு. ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30 மணி. “ராகுகாலம்டா. வேணும்னே வச்சாக” என்றது அப்பத்தா. வாழ்த்துரை வழங்க மட்டும் 11 பேர். “ஒம்பது பேரு பேசி முடிக்கங்குள்ள சோறு ஆறிப்போச்சு. எனக்குப் பசியில கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு.”

அவ்வளவுதான். போட்டோ எடுத்து ஹாஸ்டல் குரூப்பில் போட்டேன். ‘உங்க தாத்தா செம மாஸ் மச்சி’ என்று ஒரே ஹார்ட்டின் மழை. நானும் ரெண்டு நாள் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுத்தான் திரிஞ்சேன். திராட்சைத் தோட்டத்துக்கு மோட்டார் போடப் போகும்போதுகூட ஒரு புரட்சிக்காரர் பேரன் நடையில்தான் போனேன்.

அந்தப் பெருமையிலேயே இருந்திருப்பேன். கெடுத்தது ஒரு செமினார்!

எங்க காலேஜில் இன்ஜினீயரிங் பசங்களுக்கும் ஒரு வரலாற்று எலெக்டிவ் உண்டு. ‘ஈஸியா மார்க் வரும்’னு சீனியர்ஸ் சொன்னதை நம்பி எடுத்த பேப்பர். சீட்டுக் குலுக்கிப் போட்டு டாபிக் கொடுத்தாங்க. பக்கத்து பெஞ்ச்காரனுக்கு ‘ரயில்வே வந்த கதை’. எனக்கு, ‘புரட்சிக் காலத்தில் சீனக் குடும்பம்’. சீனாவைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செல்போனும் ஃப்ரைடு ரைஸும்தான். லீவு முடிஞ்சதும் 20 ஸ்லைடு வேணும். வேற வழி? படிக்க ஆரம்பிச்சேன்.

முதல் ஸ்லைடுக்குக் கிடைச்சது 1919 நவம்பர். சாங்ஷா என்கிற ஊர். ஜாவ் என்ற குடும்பத்துப் பொண்ணுக்குப் பிடிக்காத கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குப் பல்லக்கில் தூக்கிக்கிட்டுப் போகும்போதே, உள்ளே இருந்த அந்தப் பொண்ணு கழுத்தை அறுத்துக்கிட்டு இறந்துபோச்சு. அதைப் பத்தி அந்த ஊர்ப் பத்திரிகையில் வரிசையாகக் கட்டுரை எழுதித் தள்ளினார் ஒரு 25 வயது இளைஞர். அந்தப் பொண்ணைக் கொன்றது ரெண்டு குடும்பங்களும் இந்தச் சமூகமும்தான் என்பது அவர் வாதம். இளைஞர் பெயர், மாவோ. அவருக்கே 14 வயசில் வீட்டில் பார்த்துக் கட்டிவெச்ச கல்யாணம் ஒண்ணு உண்டு. அந்தக் கல்யாணத்தைத் தான் ஏத்துக்கவே இல்லைன்னு பின்னாளில் சொன்னார்.

31 வருஷம் கழிச்சு அதே மாவோ ஆட்சிக்கு வந்ததும் வந்த முதல் பெரிய சட்டங்களில் ஒண்ணு, 1950 மே 1-ல் வெளியான திருமணச் சட்டம். கட்டாயக் கல்யாணம் கூடாது. குழந்தையிலேயே நிச்சயம் பண்ணக் கூடாது. ரெண்டாம் தாரமாக, ஆசை நாயகியாக வைக்கக் கூடாது. பொண்ணுக்கு 18, பையனுக்கு 20 வயசு ஆகணும். ரெண்டு பேரும் தாங்களாகவே சம்மதிக்கணும். பெண்ணும் விவாகரத்து கேட்கலாம்.

‘சூப்பர், முடிஞ்சுது புரட்சி’ன்னு அடுத்த ஸ்லைடுக்குப் போனால், முடியலை. சட்டத்தை நம்பி விவாகரத்து கேட்டுப் போன பெண்களைக் கிராமத்து நிர்வாகிகளே திருப்பி அனுப்பினாங்க. மாமியார் வீட்டில் அடி வாங்கினவங்க, உயிரை விட்டவங்க நிறையப் பேர். ‘அய்யய்யோ, சட்டம் ஊருக்குள்ளயே போகலை’ன்னு 1953 மார்ச்சில் நாடு முழுக்க ஒரு மாசம் தனியாகப் பிரசாரமே நடத்த வேண்டியிருந்தது.

அப்போதான் ஒரு பல்ப் எரிஞ்சுது. ‘நம்ம ஊர் ஒப்பீடு’ன்னு நாலு ஸ்லைடு போட்டு, தாத்தா பத்திரிகையை உள்ளே சொருகிட்டால் மேம் அசந்துடுவாங்களே!

அதுக்காக நம்ம கதையையும் படிச்சேன். 1928-ல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம்னு சொல்றாங்க. அடுத்த வருஷமே, 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை, துணையைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, பிடிக்கலைன்னா பிரியும் உரிமை, விதவை மறுமணம்னு தீர்மானம் போட்டிருக்காங்க. 1929-ல் பாஸ்! சீனச் சட்டத்துக்கு 21 வருஷம் முன்னாடி.

ஆனா, நம்மகிட்ட அப்போ இருந்தது தீர்மானம்தான், சட்டம் இல்லை. 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், சடங்கு இல்லாத சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. அப்படிக் கல்யாணம் பண்ணி, பிள்ளை குட்டியோட இருந்தவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. 1967-ல் அண்ணா முதல்வரான பிறகுதான் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தாங்க. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. புரோகிதர் வேண்டாம், அக்னி வேண்டாம். உறவினர்களோ நண்பர்களோ முன்னிலையில், புரியுற பாஷையில் ‘இவரை ஏத்துக்கறேன்’னு ரெண்டு பேரும் சொன்னால் போதும். இல்லைன்னா மாலை மாத்தலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். ஏதோ ஒண்ணு. அதுக்கு முன்னாடி இப்படி நடந்த கல்யாணங்களும் செல்லும்னு சேர்த்துச் சொல்லிட்டாங்க.

அடுத்த வருஷம்தான் தாத்தா கல்யாணம். ரெண்டு மாலை, ஒரு மைக் செட். புத்தம் புது சட்டம்!

“அப்பத்தா, புரட்சிக் கல்யாணம் பண்ணினப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?” செல்போனில் ரெக்கார்டரை ஆன் பண்ணி வெச்சுட்டு, பேட்டி எடுக்கிற மாதிரி கெத்தாகக் கேட்டேன்.

அப்பத்தா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை.

“எங்க அண்ணனும் ஒங்க தாத்தாவும் ஒரே மன்றம். டீக்கடையில வச்சே பேசி முடிச்சுட்டாக. எனக்குக் கல்யாணத்துக்கு நாலு நா முன்னாடிதான் தெரியும். மேடையில ஏத்தி, மைக்கைக் கிட்ட வச்சு, ‘இவரை வாழ்க்கைத் துணையா ஏத்துக்கறேன்’னு சொல்லும்மான்னாக. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுல்ல, அவுக சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். ஊரே கை தட்டுச்சு. மைக்குல கேட்டாகய்யா. அதுக்கு முன்னாடி வீட்டுல ஒருத்தரும் கேக்கல.”

நான் ரெக்கார்டரை ஆஃப் பண்ணிட்டேன். நாலு ஸ்லைடும் அங்கேயே காலி!

‘ஒப்பந்தம்’னா ரெண்டு பேர் சம்மதிக்கணும். அதுதானே அந்த வார்த்தைக்கே அர்த்தம்? பத்திரிகையில் சாதி இல்லைதான். ஆனா, பொண்ணு, மாப்பிள்ளை ரெண்டு பேரும் ஒரே சாதி, ஒரே தெரு.

“அப்போ தாத்தா சும்மா பேச்சுக்குத்தான் புரட்சியா?”

“அடப் போடா! அப்படிச் சொன்னா வாய் அழுகிரும். ஒரு நா என் மேல கை வச்சதில்ல. எங்க அக்காமாருக கதை உனக்குத் தெரியாது. ஒங்க அப்பனையும் அத்தையையும் ஒரே பள்ளிக்கொடத்துக்கு அனுப்புனாரு. நானும் ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனேன். விடியக் கருக்கல்ல ஜீப்புல ஏறிக் குமுளி மலைக்குப் போயிட்டு, பொழுது சாயத்தான் வருவேன். மொத வாரக் கூலியைக் கொண்டாந்து கையில குடுத்தேன். ‘நீயே வச்சுக்க’ன்னாரு. அன்னிலருந்து எதுன்னாலும் ‘என்ன செய்யலாம்?’னு என்னையக் கேட்டுத்தான் செய்வாரு. மைக்குல சொன்னது வீடு வந்து சேர ஆறு வருசம் ஆச்சு. ஆனா வந்துச்சுல்ல?”

இன்னிக்கும் அதிகாலையில் கம்பம் ரோட்டில் நின்னு பாருங்க. தூக்குவாளியோட பெண்களை ஏத்திக்கிட்டுக் கேரளா மலைக்குக் கிளம்பும் ஜீப்புகள். அதில் ஒரு சீட்டில்தான் எங்க வீட்டுப் புரட்சி ஏறிப் போயிட்டு வந்திருக்கு.

எல்லாமும் வந்து சேர்ந்துடலை. 1989-ல் தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்குன்னு சட்டத்தைத் திருத்தினாங்க. நாடு முழுக்க அது வந்தது 2005-ல்தான். அத்தைக்கு அப்போ கல்யாணம் ஆகலை, அதனால் பங்கு உண்டு. ஆனா, தாத்தா இறந்த பிறகு அத்தை ரிஜிஸ்டர் ஆபீஸில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு, பட்டுச் சேலையோட ஊருக்குப் போயிருச்சு. “அவளையும் யாரும் கேக்கல. நானுந்தான் கேக்கல” என்றது அப்பத்தா.

அன்னிக்கு ராத்திரி மிச்ச ஸ்லைடுகளுக்காக 1966-லிருந்து 1976 வரை நடந்த கலாசாரப் புரட்சியைப் படிச்சேன். அதுவரை குடும்பத்துக்கு வெளியே நின்னு சட்டம் போட்ட அரசாங்கம், அப்போ வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துருச்சு. அப்பா அம்மாவைவிடத் தலைவர் பெரியவர். வீட்டில் யாராவது தப்பாகப் பேசினால் போட்டுக் கொடுக்கணும்.

1970. அன்ஹுய் மாகாணம். ஜாங் ஹோங்பிங் என்று ஒரு பையன். டீன் ஏஜ். அப்பா அம்மா வெச்ச பெயரை மாத்திட்டு, ‘செஞ்சிப்பாய்’னு அர்த்தம் வர்ற மாதிரி இந்தப் பெயரை வெச்சுக்கிட்டவர். ஒருநாள் வீட்டுப் பேச்சில் அவரோட அம்மா ஃபாங் ஜோங்மோ, மாவோவை விமர்சிச்சுப் பேசிட்டாங்க. அப்பாவும் மகனும் சேர்ந்து புகார் கொடுத்தாங்க. ரெண்டே மாசத்தில் அந்த அம்மாவைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு அந்த அம்மா குற்றமற்றவர்னு அரசாங்கமே சொன்னது. 2013-ல், வயசான ஜாங், பத்திரிகைகள் முன்னாடி வந்து, பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அம்மாவோட கல்லறையில் போய் அழுதுக்கிட்டிருக்கார்.

லேப்டாப்பை மூடிட்டேன். தூக்கம் வரலை.

ஏன்னா, நானும் போட்டுக் கொடுத்தவன்தான்.

அளவு வேற. அதையும் இதையும் ஒண்ணாக வைக்கக் கூடாது, தெரியும். அங்கே ஒரு உயிர் போச்சு. இங்கே போனது ஒரு செல்போனும், ஒரு வேலையும். ஆனா, அந்தப் பையன் புகார் கொடுக்கிறப்போ என்ன நினைச்சிருப்பான்னு எனக்குப் புரிஞ்சுது. ‘நான் சரியானதைச் செய்றேன்.’ நானும் அப்படித்தான் நினைச்சேன்.

போன வருஷம். அக்கா சென்னையில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம். தீபாவளிக்கு வந்திருந்தாள். அவள் போனில் வந்த மெசேஜை நான் பார்த்துட்டேன். கூட வேலை பார்க்கிற ஒருத்தர். வேற சாதி. அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. நேராக அப்பாகிட்ட போயிட்டேன். “குடும்ப மானம்ப்பா”ன்னு நான் சொன்னதை நினைச்சால் இப்போ கூசுது. 20 வயசில் என்னடா மானம்! அக்கா போன் பீரோவுக்குள் போச்சு. வேலையை விட்டாச்சு. வரன் பார்க்க ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் அக்கா என்கிட்ட, ‘சாப்பாடு இருக்கு’, ‘கதவைச் சாத்து’ங்கிறதைத் தாண்டி எதுவும் பேசினதில்லை.

இத்தனைக்கும் எங்கப்பா, ராகுகாலத்தில் நடந்த கல்யாணத்தில் பிறந்தவர். அந்தப் பத்திரிகை போட்டோவுக்கு முதல் ஹார்ட்டின் போட்டதே ஃபேமிலி குரூப்பில் அவர்தான்!

மறுநாள் காலையில் அப்பத்தாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். திட்டும்னு பார்த்தேன். திட்டலை. பத்திரிகையை எடுத்துட்டு வரச் சொல்லுச்சு. தோட்டத்திலிருந்து அப்பா சாப்பிட வந்ததும், தட்டுக்குப் பக்கத்தில் அதை விரிச்சு வெச்சுது.

“ஒங்க அப்பன் கல்யாணப் பத்திரிகை. இதுல சாதி எங்கய்யா இருக்கு, காட்டு பாப்போம்.”

அப்பா ஒண்ணும் சொல்லலை.

“நீ புள்ளைக்கு வரன் பாக்க ஒரு பேப்பரு எழுதிக் குடுத்தியே, அதுல மொத வரி என்ன?”

“காலம் வேறம்மா. ஊர்ல நாலு பேரு...”

“நாலு பேரு அன்னிக்கும் இருந்தாகடா. எழவுக்கு வரமாட்டோம்னு சொன்னாக. பொறகு வந்தாக. அதெல்லாம் கெடக்கட்டும். எனக்குக் கேக்குறதுக்கு ஆளில்ல. எழுத்துத் தெரியாது, கையில காசில்ல. இவ படிச்சு, சம்பாரிச்ச புள்ள. இவளையும் கேக்கலைன்னா, நான் எதுக்குய்யா அந்த மைக்குல அம்புட்டு நேரம் நின்னேன்?”

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிட்டுப் போயிட்டார். சினிமா மாதிரி அன்னிக்கே எல்லாம் மாறிடலை. மூணு நாள் வீட்டில் மயான அமைதி. நாலாவது நாள் அக்காவோட போன் டைனிங் டேபிளில் இருந்தது, சார்ஜ் போட்டு. அடுத்த வாரம் தரகர் வந்தப்போ, “பொண்ணைக் கேட்டுச் சொல்றேன்”னு அப்பா சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அக்கா இப்போ வேலைக்கு மறுபடி அப்ளை பண்ணிக்கிட்டிருக்காள். அந்த மெசேஜ் அனுப்பினவர் விஷயம் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமையை நான் தொலைச்சு ஒரு வருஷம் ஆச்சு.

2023-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கு. சுயமரியாதைத் திருமணத்தை ஊரைக் கூட்டி, பகிரங்கமாகத்தான் நடத்தணும்னு கட்டாயம் இல்லையாம். வீட்டு எதிர்ப்புக்கும் மிரட்டலுக்கும் பயந்து இருக்கிறவங்க எப்படி ஊரைக் கூட்ட முடியும்னு கேட்டிருக்காங்க. 1929-ல் தீர்மானம், 1967-ல் சட்டம், 2023-ல் தீர்ப்பு. ஒவ்வொண்ணும் ஒரு படி மேலே ஏறிருக்கு. ஆனா, கடைசிப் படி நம்ம வீட்டு வாசலில்தான் இருக்கு. அதில் ஏற வேண்டிய ஆள் அரசாங்கமும் இல்லை, கோர்ட்டும் இல்லை. நாமதான். அப்பா, அண்ணன், தம்பி. ‘உனக்கு என்ன வேணும்?’னு மூணு வார்த்தை கேட்கணும். அவ்வளவுதான் புரட்சி!

செமினாரை முடிச்சேன். மார்க் சுமார்தான். ஸ்லைடு குறைவுன்னு மேம் ரெண்டு மார்க்கைக் கட் பண்ணிட்டாங்க.

இந்தக் கட்டுரையை எழுதி முடிச்சதும் அக்காகிட்ட போய் நின்னேன். “உன்னைப் பத்தியும் எழுதியிருக்கேன். போடலாமா?” லேப்டாப்பை வாங்கி முழுசாகப் படிச்சாள். முகத்தில் ஒண்ணும் தெரியலை.

“இந்த ரெண்டு பாராவைத் தூக்கிடு. அது என் விஷயம்.”

தூக்கிட்டேன். நீங்க படிச்சது, மிச்சம்.

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அக்கா ஒண்ணு சொன்னாள். “இப்பவாவது கேட்டியேடா.”

ஒரு வருஷத்தில் அவள் என்கிட்ட பேசின, சாப்பாட்டையும் கதவையும் பத்தி இல்லாத முதல் வார்த்தை அது.